உன்னைச் சொல்லல

பஸ்ஸில் அம்மாவோடு பேசுவதை எப்போது நிறுத்தினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கிலாந்தில், 2023 அக்டோபர், கடைசி வியாழக்கிழமை, மாலை ஐந்தரை மணி வண்டி. திருப்பூரில் அப்போது ராத்திரி பத்து. வாசலில் நிற்கிற முருங்கை மரத்தை வெட்டலாமா வேண்டாமா என்பதுதான் அன்றைய பேச்சு. வெட்டக்கூடாது என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். வேலை முடிந்து வருகிறவர் போல மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தார். "இங்கே இங்கிலீஷ் பேசு. முடியாதுன்னா உன் ஊருக்குப் போ" என்றார். கத்தவில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பது போலத்தான் சொன்னார்.

வண்டியில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதோ கிடைத்துவிட்டது. அம்மா, "யாரு கண்ணு அது?" என்றார். "யாரோ ஸ்டாப்பிங் கேக்கறாங்கம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

இதைச் சொன்னால், "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை, ஒரு வாக்கியம்தானே. ஆனால் மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் கை தானாகவே போனைப் பைக்குள் போட்டது. அடுத்த வாரம் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ்கூட இல்லை, டைப் செய்துதான் அனுப்பினேன். பிறகு பொட்டு போனது. அப்புறம் ஒரு நாள், வழக்கமாக இறங்குகிற நிறுத்தத்துக்கு ஒன்று முன்னாலேயே இறங்கி நடந்தேன், அந்த மஞ்சள் ஜாக்கெட்காரர் அங்கே இறங்குவார் என்பதற்காக. இது எதையும் நான் முடிவெடுத்துச் செய்யவில்லை. துவைக்கத் துவைக்கத் துணி சுருங்குகிற மாதிரிதான் நடந்தது. போட்டுப் பார்க்கும்போதுதான் பத்தவில்லை என்று தெரியும்.

நான் படிக்கப் போன ஊர் மிடில்ஸ்பரோ. இங்கிலாந்தின் வடகிழக்கில், டீஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் இரும்பு ஊர். சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய கம்பெனியே இந்த ஊரைச் சேர்ந்ததுதான். பக்கத்து ரெட்காரில் இருந்த எஃகு ஆலையை 2015இல் மூடிவிட்டார்கள். வாடகை குறைவு என்பதால் வெளிநாட்டு மாணவர்கள் நிறைய வருகிறோம். நானும் ஒரு மலையாளத் தோழியும் ஒரு நைஜீரியத் தோழியும் லின்தார்ப் ரோட்டிலிருந்து பிரிகிற தெரு ஒன்றில் வீடெடுத்திருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள், கதவைத் திறந்தால் நேராகத் தெரு. ஊர் மக்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. என்னைக் காய்ச்சலோடு பார்த்துவிட்டு சூப் வைத்துக் கொடுத்தவரும் இந்த ஊர்க்காரர்தான்.

படிப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்பது மாணவர் விசாவின் விதி. முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே மறதி நோயுள்ள ஒரு பாட்டி என் கையைப் பார்த்து, "கழுவிட்டு வா, கறுப்பா இருக்கு" என்பார். அது எனக்கு உறைக்கவில்லை. அவருக்குத் தன் பெயரே பாதி நாள் நினைவிருக்காது. உறைத்தது ஓய்வறையில் நடந்த ஒன்று. கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி போனில் ஒரு வீடியோ காட்டினாள். பிரான்ஸிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வருகிற ரப்பர் படகு, அதில் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். "இவனுங்களைக் கடலிலேயே தள்ளணும்" என்றவள், சட்டென்று என்னைப் பார்த்து, "ஐயோ, உன்னைச் சொல்லல. நீ வேலை செய்யற, வரி கட்டற" என்றாள். தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம் இல்லை, நிம்மதி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விசா போடும்போதே மருத்துவ வசதிக்காக வருஷத்துக்கு 470 பவுண்ட் கட்டியிருக்கிறேன், உள்ளூர் மாணவர்களைவிட அதிகமான படிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறேன், அதற்கெல்லாம் ரசீது இருக்கிறது, ஆகவே நான் அந்தப் படகில் இல்லை என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது பிரதமராக இருந்தவர் ரிஷி சுனக். இந்திய வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளை. 'படகுகளை நிறுத்துவோம்' என்று எழுதிய மேசைக்குப் பின்னால் நின்று பேசினார். மேலே அப்படி எழுதி ஒட்டிய பிறகு கீழே ஓய்வறையில் பேச்சு எப்படி இருக்கும்? அவளுக்குமே அது வெறுப்புப் பேச்சாகத் தோன்றியிருக்காது, செய்தியைப் பற்றிப் பேசுவதாகத்தான் தோன்றியிருக்கும்.

மேற்பார்வையாளரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். "அவ மனசுல ஒண்ணும் இல்ல, விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். அதை மின்னஞ்சலில் எழுதியிருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. அங்கே 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் இருக்கிறது. வேலையிடத்தில் நிறம், தேசம், இனம் சார்ந்து ஒருவரை அவமதிக்கிற சூழலை உண்டாக்கினால் அது துன்புறுத்தல். பேச்சு உன்னைக் குறிவைத்துத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேலையிடத் தகராறுகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற ஏகாஸ் என்ற அமைப்பின் உதவி எண்ணில் கூப்பிட்டால் என்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொல்வார்கள். ஆனால் எதற்கும் தேதியோடு எழுத்து வேண்டும். வாய்வார்த்தைப் புகார் தேநீரோடு ஆறிப்போகும்.

முட்டை விழுந்தது 2024 மார்ச்சில். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து நடந்து வருகிறேன். ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. இரண்டு முட்டைகள், ஒரு சொல்: "பாக்கி!" பாகிஸ்தானி என்பதன் சுருக்கம். அந்த ஊரில் தெற்காசிய முகத்தை எல்லாம் வசைபாட அறுபதுகள், எழுபதுகளிலிருந்து வழங்குகிற சொல். ஒரு முட்டை தோளில் உடைந்தது, இன்னொன்று சுவரில். வீடு வரும்வரை என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? 'நான் பாகிஸ்தானி இல்லை, இந்தியன்.' அதே வாக்கியம், திரும்பத் திரும்ப. ஏதோ அவன் முகவரி மாற்றிப் போட்டுவிட்ட தபால் போல! முட்டை சரியான ஆள் மேல் விழுந்திருந்தால் பரவாயில்லையா என்று மலையாளத் தோழி கேட்டபோதுதான் உறைத்தது. எங்கள் தெருமுனை டாக்ஸிக்காரர் பாகிஸ்தானி. இரவு நேரத்தில் இறக்கிவிட்டால், நான் சாவியைத் திருப்பி உள்ளே போகும்வரை வண்டியை எடுக்க மாட்டார்.

புகார் கொடுக்க எனக்கு மனசில்லை. போலீசிடம் போனால் விசாவில் ஏதாவது குறித்துவிடுவார்கள் என்ற பயம் மாணவர்களிடையே பரவலாக உண்டு. அது வெறும் பயம்தான். முறையான விசாவோடு இருப்பவர் தனக்கு நடந்த குற்றத்தைப் புகார் செய்வதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. தோழி பக்கத்தில் உட்கார்ந்து 101க்குப் போன் போட வைத்தாள். ஆபத்து கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் 999, முடிந்துபோனதற்கு 101. போனில் பேசப் பிடிக்காதவர்கள் ட்ரூ விஷன் என்ற இணையதளத்தில் எழுதிப் போடலாம், பெயர் சொல்லாமலும் போடலாம்.

எனக்குப் பயனாக இருந்தது ஒரு விஷயம். இது இனவெறியால் நடந்தது என்று நீ நிரூபிக்க வேண்டியதில்லை. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரைப் பஸ் நிறுத்தத்தில் வெள்ளையர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. போலீஸ் அதை விசாரித்த லட்சணத்தை ஆராய்ந்த மேக்பர்சன் அறிக்கை 1999இல் வந்தது. பாதிக்கப்பட்டவரோ பார்த்தவரோ இனவெறிச் சம்பவம் என்று கருதினால், அது இனவெறிச் சம்பவம்தான் என்று அந்த அறிக்கை சொன்னது. போலீஸ் பதிவு செய்வது அந்த அளவுகோலில்தான். தண்டனைக்குச் சாட்சி வேண்டும், அது வேறு. நான் கார் நம்பரைப் பார்க்கவில்லை, ஆகவே ஆள் கிடைக்கவில்லை. ஒரு பதிவு எண் மட்டும் கிடைத்தது. அதை அலட்சியமாகத்தான் எழுதி வைத்தேன். பின்னால் அதுதான் உதவியது.

2024 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் பதிவு செய்த வெறுப்புக் குற்றங்கள் 1,40,561. பத்தில் ஏழு இனம் சார்ந்தவை. என் முட்டை அதில் ஒன்று. பஸ்காரர் அதில் இல்லை, ஏனென்றால் நான் சொல்லவே இல்லை. பஸ்ஸில் நடந்தால் வண்டி எண், வழித்தட எண், நேரம் மூன்றையும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே கேமரா இருக்கும், ஆனால் பதிவு சில நாளில் அழிந்துவிடும். சொன்ன வார்த்தையை அதே ஆங்கிலத்தில், அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். 'மோசமாகத் திட்டினார்' என்று எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இதற்காக ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். இன்னொன்று, பதிலுக்கு வாதாடாதீர்கள். எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றுவிடுங்கள். வேறு யாருக்காவது நடப்பதைப் பார்த்தால், திட்டுகிறவரிடம் போகாமல் திட்டு வாங்குகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எதையாவது பேசுங்கள், மழை பெய்யுமா என்றாவது கேளுங்கள். அந்த அக்டோபரில் எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

2024 ஜூலை 29, திங்கள்கிழமை. சவுத்போர்ட் என்ற கடலோர ஊரில் நடன வகுப்புக்கு வந்த மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். செய்தியைப் படிக்கவே முடியவில்லை. குற்றவாளிக்குப் பதினேழு வயது என்பதால் பெயரை உடனே வெளியிடச் சட்டம் விடவில்லை. அந்த வெற்றிடத்தில் யாரோ ஒரு பெயரைப் போட்டார்கள். கேட்டாலே முஸ்லிம் பெயர் என்று தோன்றும்படி இட்டுக்கட்டிய ஒன்று, கூடவே போன வருஷம் படகில் வந்தவன் என்ற கதை. உண்மையில் அவன் பிறந்தது வேல்ஸின் கார்டிஃப் நகரில். நீதிமன்றம் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிஜப் பெயரை வெளியிட அனுமதித்தது. அதற்கு முன்பே, 30ஆம் தேதி மாலையே சவுத்போர்ட் பள்ளிவாசலைத் தாக்கியாகிவிட்டது. 2ஆம் தேதி பக்கத்துச் சண்டர்லேண்ட் எரிந்தது. அங்கே ஆஸ்பத்திரிக்கு அவசர வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் இரண்டு பேர் மேல் கல்லெறிந்தார்கள் என்று படித்தபோது, நைஜீரியத் தோழி தன் சீருடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவளும் முதியோர் இல்லத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 4, எங்கள் முறை. மதியத்துக்கு மேல் ஊர்வலம் என்று முந்தின நாளே தெரியும். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணர் சனிக்கிழமை ராத்திரி போன் செய்து, "நாளைக்கு வெளியால போகாதேங்கோ பிள்ளை. நானும் கடை திறக்கேல்ல" என்றார். நாங்கள் மூவரும் முன்னறைத் திரையை இழுத்து மூடிவிட்டு, பின்பக்கச் சமையலறையில் உட்கார்ந்தோம். பாஸ்போர்ட், விசா அட்டை, லேப்டாப் எல்லாம் ஒரே பையில். வீட்டுக்குள்ளேயே செருப்பு இல்லை, ஷூ போட்டிருந்தோம், லேசும் கட்டி. சத்தம் முதலில் திருவிழாக் கூட்டம் போலக் கேட்டது. பிறகு கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடி உடைகிறபோதும் அது எத்தனை வீடு தள்ளி என்று காது கணக்குப் போட்டது. குப்பைத் தொட்டிகளைக் கொளுத்திப் போலீஸ் வரிசை மேல் உருட்டிவிட்டார்கள். ஒரு சந்தியில் கார்களை நிறுத்தி, ஓட்டுகிறவரிடம் "நீ வெள்ளையனா? இங்கிலீஷ்காரனா?" என்று கேட்கிற வீடியோ பிறகு உலகமெல்லாம் போனது. யாரும் ரசீது கேட்கவில்லை. 470 பவுண்ட் கட்டினாயா என்று கேட்கவில்லை. 'உன்னைச் சொல்லல' என்பது அந்தச் சந்தியில் செல்லாத நாணயம்.

நாலு மணி வாக்கில் பின்கதவு தட்டப்பட்டது. மூவருக்கும் மூச்சு நின்றது. எதிர் வீட்டுப் பாட்டி, எனக்கு சூப் கொடுத்தவர், நாயோடு நின்றிருந்தார். பின்சந்து வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். "முன்கதவை யார் தட்டினாலும் நான் போய்த் திறக்கிறேன், நீங்கள் யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்றார். ராத்திரி ஒன்பது வரை எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, நாங்கள் போட்ட டீயைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று கோப்பை குடித்தார். யாரும் தட்டவில்லை. இரண்டு வீடு தள்ளி ஜன்னல் போயிருந்தது. இதில் முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் அந்த வாரக் கடைசியில் அதே பாட்டி, "இருந்தாலும் படகுல வர்றவங்க ரொம்பத்தான் அதிகமாயிட்டாங்க, உங்களைச் சொல்லல" என்றார். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இப்போதும் அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசிக்கிறேன்.

திங்கள்கிழமை காலை ஊரே துடைப்பத்தோடு தெருவில் நின்றது. நூற்றுக்கணக்கான பேர், கண்ணாடித் துண்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 6ஆம் தேதி இந்தியத் தூதரகம் பிரிட்டனுக்கு வருகிறவர்கள் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தியது. 7ஆம் தேதி நாடெங்கும் பல இடங்களில் கலவரக் கூட்டம் வரும் என்று பட்டியல் சுற்றியது. குடியேற்ற வழக்கறிஞர்களின் அலுவலகங்கள் அதில் இருந்தன. அன்று கூடியது பெரும்பாலும் எதிர்த்தரப்பு. லண்டனில் வால்தம்ஸ்டோ முழுக்க ஆயிரக்கணக்கான பேர் அட்டைகளோடு நின்றார்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரக் கடைசியில் மிடில்ஸ்பரோவில் ஒரு பெண் மேல் ஆசிட் வீசிவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்தது. பார்த்த மாத்திரத்தில் எங்கள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நல்லெண்ணம்தான், எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று. அப்படி ஒரு புகாரே வரவில்லை என்று கிளீவ்லாந்து போலீஸ் சொன்னது. அதற்குள் என் மெசேஜைப் பார்த்து ஒரு பெண், மூன்று நாள் பால் வாங்கக்கூட வெளியே போகாமல் பிஸ்கட் தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். சவுத்போர்ட் வதந்திக்கும் என் வதந்திக்கும் நோக்கம் வேறு, ஆனால் பரவுகிற இயந்திரம் ஒன்றுதான். அதற்குப் பிறகு குழுவில் ஒரு ஏற்பாடு செய்தோம்: போலீசின் பக்கத்திலோ உள்ளூர்ச் செய்தியிலோ வராத எதையும் போடக்கூடாது, இரண்டு பேர் மட்டும் பார்த்துவிட்டுப் போடுவது. பொட்டு வைத்துக்கொண்டால் முஸ்லிம் இல்லை என்று தெரியும், விட்டுவிடுவார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். மலையாளத் தோழி குழுவிலேயே, "அப்போ நம்ம கூட இருக்கிற ஹிஜாப் போட்டவங்க என்ன பண்றது?" என்று கேட்டாள். பதில் வரவில்லை.

சட்டம் வார்த்தையையும் பிடித்தது. அகதிகள் தங்கியிருக்கிற ஹோட்டல்களைக் கொளுத்தச் சொல்லி ஜூலை 29 அன்றே சமூக ஊடகத்தில் எழுதிய நார்த்தாம்ப்டன் பெண் ஒருவருக்கு அக்டோபரில் 31 மாதச் சிறை கிடைத்தது. சில மணி நேரத்தில் அவர் அந்தப் பதிவை அழித்துவிட்டார்தான், ஆனால் அதற்குள் 3,10,000 முறை பார்க்கப்பட்டிருந்தது. இனவெறுப்பைத் தூண்டுவது அங்கே 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி குற்றம். தண்டனை அதிகம் என்று அங்கே பெரிய வாதம் நடந்தது. எனக்கு அதில் தீர்மானமான கருத்து இல்லை. கொளுத்து என்று எழுதுவதற்கும் இரண்டாம் மாடியில் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதற்கும் நடுவே எத்தனை நாள் இருந்தது என்பதை மட்டும் பார்த்தேன். ராதரம் என்ற ஊரில் அப்படி ஒரு ஹோட்டலில் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே தீ வைக்கப் பார்த்தது ஆகஸ்ட் 4. ஆறு நாள்.

கலவரம் ஓய்ந்தபிறகுதான் எனக்கு உடம்பு கெட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் குப்பைத் தொட்டிகளைத் தெருவில் இழுத்துக்கொண்டு போவார்கள், அந்தச் சக்கரச் சத்தத்துக்கு எழுந்து ஷூவைத் தேடுவேன். செப்டம்பரில் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு பத்தியைக் காலையிலிருந்து மாலை வரை படித்துக்கொண்டிருப்பேன். இங்கேதான் அந்த முட்டைப் பதிவு எண் உதவியது. கால அவகாசம் கேட்டு விண்ணப்பிக்கும்போது அதையும், என் நோட்டில் இருந்த தேதிகளையும், டாக்டர் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கிடைத்தது. கெடு தேதி முடிந்தபிறகு கேட்டால் இதெல்லாம் பெரும்பாடு. முடிவதற்கு முன்பே, மனசு சரியில்லை என்று தெரிந்த அன்றே கேட்டுவிட வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் கடைசி நாள்வரை தாங்கிப் பார்ப்போம் என்று இருப்பார்கள். நானும் அப்படித்தான் இருக்கப் பார்த்தேன், தோழிதான் விடவில்லை.

பல்கலைக்கழக ஆலோசகரிடமும் போனேன். ஒருமணி நேரம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் உங்கள் மொழியில் யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். போலீசிடம் ஆங்கிலம், தோழிகளிடம் ஆங்கிலம், விண்ணப்பத்தில் ஆங்கிலம். அம்மாவிடம் தமிழில் பொய். "இங்க ஒண்ணும் இல்லம்மா, டிவியில பெருசாக் காட்டறாங்க."

அன்று மாலை கறிவேப்பிலை வாங்கப் போனவள், கடையில் அண்ணரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் தொடங்கி. அவர் பில் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, "83 ஜூலையில நான் கொழும்பில சின்னப் பெடியன்" என்று ஆரம்பித்தார். "ரோட்டில வாகனத்தை மறிச்சு, வாளிக்குச் சிங்களத்தில என்ன எண்டு கேப்பாங்கள். 'பால்திய' எண்டு சொல்லோணும். எங்கட ஆக்கள் 'வால்திய' எண்டு சொல்லிப்போடுவினம். அதோட சரி." கறிவேப்பிலையைப் பையில் போட்டு, "இங்க காரை மறிச்ச வீடியோவைப் பாத்திட்டு ரெண்டு நாள் நான் நித்திரை கொள்ளேல்ல பிள்ளை. மனுசிக்கும் சொல்லேல்ல" என்றார். காசு வாங்கவில்லை. இருவருக்குமே கொஞ்சம் இலேசானது போல இருந்தது.

அந்த வாரமே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அழுவார், திரும்பி வா என்பார் என்றுதான் இத்தனை நாள் மறைத்தது. அழுதார். திரும்பி வா என்று சொல்லவில்லை. "நீ சொல்லாததால நாங்க டிவியப் பாத்துப் பாத்து வேற என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டு இருந்தோம், சாமி" என்றார். மறைப்பதால் வீட்டுக்குப் பயம் குறையும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மெசேஜ் போடுவது, போடாவிட்டால் மட்டும் கவலைப்படுவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு நடந்தது. நான் செய்ததும் ஒன்று இருக்கிறது. அப்பா திருப்பூரில் பவர் டேபிள், அதாவது தையல் பட்டறை, வைத்திருக்கிறார், பன்னிரண்டு மெஷின். ஒடிசா, பீகார் பையன்கள் ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. 'வடக்கன்' என்றால் போதும். ஓவர்லாக் வடக்கன், அயர்ன் வடக்கன். பஸ்ஸில் அவர்கள் போனில் சத்தமாகப் பேசினால், "இவனுங்க தொல்லை தாங்கல" என்று நானே முகம் சுளித்திருக்கிறேன். நான் இங்கிலாந்துக்குக் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு, 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. போலீஸ் பொய் என்று சொல்லியும் பயம் அடங்கவில்லை. ஹோலிக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களுமாகத் திருப்பூர் ரயில் நிலையம் நிரம்பி வழிந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் பட்டறையில் ஓவர்லாக் அடிக்கிற பையன் மூன்று நாள் வரவில்லை. "அதெல்லாம் புரளிடா, உன்னை யாருடா சொன்னா?" என்று அப்பா போனில் சிரித்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அவன் அந்த மூன்று நாளும் அறையில் எப்படி உட்கார்ந்திருந்தான், ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானா என்று எனக்கு ஆகஸ்ட் 4 வரை தோன்றவே இல்லை.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் பேசினேன். பஸ், முட்டை, பின்கதவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைப் பற்றியும் சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது. "அவனுங்களும் நீயும் ஒண்ணா? நான் சம்பளம் கரெக்டாத் தர்றேன், தீபாவளிக்குத் துணி எடுத்துத் தர்றேன். என்னமோ நான் கல்லெறிஞ்ச மாதிரி பேசற" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முட்டைக்காரனும் அப்பாவும் ஒன்று என்று நானும் நினைக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, "வந்ததும் வராததுமா ஏஞ்சாமி?" என்றார்.

இப்போது மறுபடி மிடில்ஸ்பரோ, படிப்புக்குப் பிந்தைய விசாவில். பஸ்ஸில் அம்மாவோடு பேசுகிறேன். குரல் பழைய அளவுக்கு ஏறவில்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது. சில நாள் அப்பா போனை வாங்கிப் பட்டறை விஷயம் சொல்வார். போன வாரம், "அந்த வடக்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்தப் பையனின் பெயரைச் சொன்னார். தப்பாகத்தான் சொன்னார், நடுவில் ஒரு எழுத்தை முழுங்கிவிட்டு. பின்னாலிருந்து மெஷின் சத்தத்துக்கு மேலே அந்தப் பையன் சரியான உச்சரிப்பைச் சத்தமாகச் சொல்லிக் கொடுப்பது எனக்குக் கேட்டது. அப்பா மறுபடியும் தப்பாகச் சொன்னார்.